பதக்கத்தில் தமிழ்ப் பெயர்

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மில் சிலருக்குக் குழந்தையின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வெள்ளிப் பதக்கமாக அறுத்து அணிவிக்கும் ஆசை உண்டு. அவ்வூர்ப் பொற்கொல்லர் கைத்திறன் மிக்கவராயினும் நம் எழுத்தை அறியாதவர். ஆகவே பிழையற்ற வரைபடத்தை அவரிடம் கொடுப்பது நம் பொறுப்பாகிறது.

தகட்டை அறுக்கும் முறை இருவகைப்படும். எழுத்து உலோகமாக நின்று சுற்றுப்புறம் அறுந்து போவது ஒன்று. தகடு நின்று எழுத்து துளையாவது மற்றொன்று. ‘வள்ளி’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். துளையாக அறுத்தால், புள்ளி ஒரு சிறு துளை, தொல்லையில்லை. ஆனால் வகர ளகரங்களின் மூடிய சுழிகளுக்குள் இருக்கும் உலோகம் பற்றுக்கோடின்றி உதிர்ந்துவிடும். எழுத்தையே உலோகமாக நிறுத்தினால் சுழிகள் அழகாகத் திறந்து நிற்கும். புள்ளியோ தனித்து விழுந்து, பெயர் ‘வளளி’ ஆகிவிடும்! தேவநாகரிக்கு இவ்விடரில் பெரும்பகுதி இல்லை. தலைக்கோடே எழுத்துகளைக் கோத்து நிற்கிறது. நம் எழுத்துகளோ தனித்தனியே நிற்பவை; காலும் கொம்பும்கூட அப்படியே. எனவே அடியில் ஒரு கோடோ, சுற்றி ஒரு வளையமோ வரைந்து அவற்றை இணைத்தல் வேண்டும். புள்ளியை மெல்லிய பாலத்தால் எழுத்தோடு சேர்க்கலாம். பாலத்தின் அகலம் தகட்டின் கனத்திற்குக் குறையாதிருப்பது நன்று.

எஞ்சிய வெற்றிடமும் வடிவமே. இராஜஸ்தானத்துப் பிரதாப்கரில் ‘தேவா’ என்னும் பணியில், மெல்லிய பொன் தகட்டை நுண்ணிய உளிகளால் வெட்டி வண்ணக் கண்ணாடியின்மேல் பதிக்கின்றனர். வெட்டிய இடமெல்லாம் கண்ணாடி ஒளிர்கிறது. நம் பதக்கத்தில் ஆடையின் நிறமே அவ்வேலையைச் செய்யும்.

அறுக்கும் முறையையும் சிறிது அறிவோம். ஒரு மில்லிமீட்டர்க் கனமுள்ள தகடு போதும். முதலில் துளையிட்டு, மயிரிழை போன்ற வாளலகை அதில் நுழைத்துச் சட்டத்தில் விறைப்பாகப் பூட்டுவர். பற்கள் கைப்பிடியை நோக்கியிருக்க, கீழே இழுக்கும்போதே அறுபடும். வளைவில் வாளை முறுக்காமல் தகட்டையே திருப்புவர். உட்பகுதிகளை முதலில் அறுத்து, வெளிவிளிம்பைக் கடைசியில் அறுத்தால் பிடிப்பதற்குத் தகடு இருக்கும்.

வரைபடத்தை முன்னதாகக் கெட்டி அட்டையில் வெட்டிப் பார்ப்பது நலம். உதிர்வது எதுவென்று அப்பொழுதே தெரியும். கூலி பேசும்போது, அறுந்து விழும் வெள்ளி யாருக்கு என்பதையும் கேட்டுவிட வேண்டும்.