முறை சொல்லி அழைத்தல்

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் மாசி மாதம் முடியும் தறுவாயில் ஒரு பேச்சுத் தவறாமல் எழுகிறது. இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறோமா, இல்லையா என்பதே அது. குழந்தைக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது, ஊரில் வெயில் தாங்காது, செலவு மிகுதி, ஊரிலும் இப்போது யார் இருக்கிறார்கள் என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசிக் காரணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஊரில் யார் இருக்கிறார்கள் என்பது குழந்தைக்குத் தெரிந்தாக வேண்டிய செய்தி. அதைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை.

நான் குடியிருப்பது முலுண்டில். மும்பை மாநகராட்சியின் எல்லை அங்கே முடிந்து தாணே தொடங்குகிறது. 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் பயணிகள் வண்டி இவ்வழியேதான் சென்றது. இன்று தெற்கே செல்லும் நெடுந்தூர வண்டிகள் முலுண்டில் நில்லாமல் விரைந்து போய்விடுகின்றன. மாட்டுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ இருப்பதுபோலத் தமிழர்கள் இங்கே தெருத் தெருவாகச் சேர்ந்து வாழ்வதில்லை. ஒரு கட்டடத்தில் இரண்டு குடும்பம், அடுத்ததில் ஒன்று என்று குஜராத்தியர், மராத்தியர், மலையாளிகள் நடுவே கலந்திருக்கிறோம். ஆகவே எங்கள் குழந்தைகளுக்கு வீட்டு வாயிலுக்கு வெளியே தமிழ் கேட்பது அரிது.

ஆனால் அவர்களுக்கு உறவுச் சொற்கள் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். எதிர்வீட்டுப் பெரியவர் ஆஜோபா. அவர் மனைவி ஆஜி. மேல்மாடியில் இருப்பவர் காகா. அவருடைய இல்லத்தரசி காகூ. பால் வாங்கிவரும் வழியில் நின்று பேசும் அம்மாள் மாவ்ஷி. மற்றவர் அனைவரும் அங்கிள், ஆன்ட்டி. இத்தனை உறவும் அன்புள்ள உறவே. ஆயினும் இவை குழந்தை தானே வைத்துக்கொள்ளும் உறவுகள். வீடு மாறினால் மாறிவிடும். பிறக்கும்போதே வந்து சேர்ந்த உறவுகளின் பெயரோ அதன் வாயில் நுழைய மறுக்கிறது. ஊரிலிருந்து அப்பாவின் அக்காள் தொலைபேசியில் பேசினால், "யாரோ ஒரு ஆன்ட்டி பேசுகிறார்கள்" என்று கருவியை நீட்டுகிறது.

மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்டவன் நான். 'கசின்' என்ற ஆங்கிலச் சொல் ஒரு தாளில் வந்துவிட்டால் என் பேனா நின்றுவிடும். அண்ணனா, தம்பியா, அத்தானா, மைத்துனியா, ஆணா, பெண்ணா, மூத்தவரா, இளையவரா என்பதில் ஒன்றையும் அச்சொல் சொல்வதில்லை. இந்தி அவ்வளவு கஞ்சத்தனம் செய்வதில்லை; சசேரா, மமேரா, மௌசேரா, புபேரா என்று வந்த வழியைச் சொல்லிப் பின்னர் 'பாயி' என்று முடிக்கும். மராத்தியும் சுலத், மாமே, ஆத்தே, மாவஸ் என்று அவ்வண்ணமே பிரிக்கிறது. எவ்வழியில் வந்தாலும் அங்கே சகோதரன் சகோதரனே. தமிழ் செய்வது வேறு. வந்த வழியை அது பெரிதாகக் கொள்வதில்லை. எந்த வகையினர் என்பதையே கேட்கிறது. பெரியப்பாவின் மகனும் அண்ணன்தான். சித்தியின் மகனும் அண்ணன்தான். மாமன் மக்களும் அத்தை மக்களும் அவ்வாறல்லர்; அவர்கள் மைத்துன முறையினர். தந்தையின் சகோதரர் பெரிய அப்பாவும் சின்ன அப்பாவும் ஆகின்றனர். தாயின் சகோதரியர் பெரிய அம்மாவும் சின்ன அம்மாவும் ஆகின்றனர். தாயின் சகோதரர் மட்டும் எக்காலத்தும் அப்பா ஆவதில்லை, அவர் மாமன்.

நாம் சாதாரணமாகப் புழங்கும் இந்த ஏற்பாடு உலகத்து அறிஞர்களை வியப்பில் ஆழ்த்திய ஒன்று. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞராக இருந்த லூயிஸ் ஹென்றி மார்கன், அங்கு வாழ்ந்த செனெகா என்னும் பழங்குடியினரின் உறவுமுறையை ஆராய்ந்தார். தென்னிந்தியாவில் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரிமார் வழியாகத் தமிழ் முறைப்பெயர்களும் அவர் கைக்கு வந்தன. தந்தையின் சகோதரனைத் தந்தை என்பதும், தாயின் சகோதரியைத் தாய் என்பதும், மாமனைத் தனியே நிறுத்துவதும் இரு மக்களிடமும் ஒன்றாக இருக்கக் கண்டார். 1871இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் தமிழுக்குச் சிறப்பான இடம் உண்டு. இந்த ஒப்புமையைக் கொண்டு செனெகா மக்கள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்று அவர் துணிந்தது பிற்கால ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஆயினும் திராவிட உறவுமுறை என்ற பாடம் மானிடவியல் நூல்களில் அன்றுமுதல் இடம்பெற்றுவிட்டது. நம் அண்டை வீட்டாராகிய மராத்தியரிடையே தோன்றிய இராவதி கார்வே அம்மையார், 1953இல் இந்திய நாடு முழுவதன் உறவு அமைப்பையும் ஒரே நூலில் ஆராய்ந்தார். வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே மகாராஷ்டிரம் ஒரு பாலம்போல் நிற்பதை அதில் காண்கிறோம். மாமன் மகளை மணப்பது மராத்தியரில் பல சமூகத்தாரிடம் வழக்காக இருந்தது. அத்தை மகளை மணப்பது பொதுவாக விலக்கு. ஆக, நம் குழந்தை வளரும் இடம் உறவுமுறையிலும் ஓர் எல்லைப்புறமே.

தொல்காப்பியர் இவற்றை முறைப்பெயர் என்று தனியே வகுத்தார். பழந்தமிழில் எந்தை என்றால் என் தந்தை. நுந்தை என்றால் உன் தந்தை. தந்தை என்றால் அவனுடைய தந்தை. அவ்வாறே என் தாய் யாய், உன் தாய் ஞாய், பிறர் தாயே தாய். யாருக்குத் தந்தை, யாருக்குத் தாய் என்பதைச் சொல்லாமல் தந்தை என்றோ தாய் என்றோ சொல்ல அன்று இடமில்லை. இன்று நாம் 'என் தந்தை' என்கிறோம். இலக்கணப்படி பார்த்தால் அது என்னுடைய அவனுடைய அப்பன் என்றாகும். இது மொழிபெயர்ப்பாளனின் வேடிக்கை, நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

மத்திய அரசு ஊழியர்களுக்குச் சொந்த ஊர் சென்றுவரப் பயணச் சலுகை உண்டு. இரண்டு ஆண்டிற்கு ஒருமுறை. பணியில் சேர்ந்ததும் சொந்த ஊர் இன்னது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். குடும்பம் என்பதற்கு அவ்விதிகளில் ஓர் இலக்கணமும் உண்டு. மனைவி அல்லது கணவன், மக்கள், நம்மை நம்பியிருக்கும் பெற்றோர், உடன்பிறந்தார் என்று அது முடிந்துவிடுகிறது. விதி அப்படித்தான் இருக்க முடியும். அரசாங்கம் ஒன்றுவிட்ட சித்தப்பாவிற்கெல்லாம் பயணச்சீட்டு எடுக்க இயலுமா? ஆனால் அந்தத் தாளை நிரப்பி நிரப்பி, குடும்பம் என்றால் அவ்வளவே என்று நாமும் நம்பத் தொடங்கிவிடுகிறோம் என்பதே என் ஐயம்.

என் சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில், அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூர். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒன்பது வயது நிறைந்த என் மகளை ஒரு மே மாதம் முழுவதும் என் தாயாரிடம் விட்டிருந்தோம். நானும் என் மனைவியும் முதல் நான்கு நாட்களும் கடைசி வாரமும் மட்டுமே உடன் இருந்தோம். முதல் நாள் அவள் கண்டுபிடித்தது, ஆஜியும் ஆச்சியும் ஏறக்குறைய ஒரே சொல் என்பது. அதில் அவளுக்கு மிகுந்த மகிழ்ச்சி. பாதி ஊர் தெரிந்துவிட்டது போன்ற துணிவு. இரண்டாம் நாள் குழப்பம் தொடங்கியது. குட்டையாகவும் மெலிந்தும் இருந்த என் தமையனாரைக் காட்டி, "இவர் எப்படிப் பெரியப்பா? அப்பாதானே பெரியவராக இருக்கிறார்?" என்று கேட்டாள்.

என் தாயார் இலக்கணம் சொல்லவில்லை. மொட்டைமாடியில் கூழ் வற்றல் காயவைத்து, காக்கை ஓட்ட அவளை உட்காரவைத்தார். அங்கிருந்து பார்த்தால் தெருவில் போவோர் வருவோர் அனைவரும் தெரிவர். "குடம் எடுத்துட்டுப் போறாளே, அவ உனக்கு மதினி முறை வேணும்." "சைக்கிள்ல போறவன் உனக்கு அண்ணன்." "அந்தா வாராரே, அவரு உனக்கு மாமா; ஆனா உங்க அம்மைக்கு அண்ணன்." இவ்வாறு பத்து நாட்கள். முறை வேணும் என்ற இச்சொல்லாட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் நமக்கு இன்ன உறவு 'ஆவார்' என்பதைவிட, இன்ன உறவாக 'வேண்டும்' என்பது எவ்வளவு பொருள் நிறைந்தது!

மாமன் என்ற சொல்லின் பொருளை அவள் அறிந்தது வேறோர் இடத்தில். உறவினர் வீட்டில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து நடந்தது. அழுது திமிறிய குழந்தையை அதன் தந்தை வாங்கவில்லை. தாயின் தம்பி மடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டாள். தாய்மாமன் மடிதான் அதற்கு உரியது என்றார்கள். அன்று மாலை தன் மாமனிடம் தொலைபேசியில், "என் காதை உங்கள் மடியில் வைத்தா குத்தினார்கள்?" என்று விசாரித்தாள்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். என் அக்காள் மகன் பதின்மூன்று வயதுப் பையன். அவளுக்கு அத்தான் முறை. அவர்கள் இருவரும் சேர்ந்து நுங்கு தின்றால் போதும், திண்ணையில் இருந்தவர்கள் கேலி பேசத் தொடங்கினார்கள். பையன் மூன்று நாட்கள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவள் காரணம் புரியாமல் விழித்தாள். முறைமணம் நம் முன்னோரிடம் பெருவழக்காக இருந்தது. நெருங்கிய உறவில் மணம் புரிவதால் பிள்ளைகளுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு மிகுகிறது என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். அவ்வழக்கம் குறைந்துவருவது நல்லதே. ஆனால் அதற்காக அத்தான், மதினி என்ற சொற்களையும் கைவிட வேண்டியதில்லை. சொல் இருக்கட்டும், கேலியை நிறுத்துவோம். என் தாயாரே ஒருநாள் திண்ணைக்கு வந்து, சிறு பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சா இது என்று அதட்டிவிட்டார். மறுநாள் பையன் வந்தான்.

அவளுடைய தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்ததும் உண்டு. இரண்டு நாள் பேசாதிருந்தாள். பின்னர் அவர்களுக்கு மராத்தியில் எண்ணச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் தடுமாறும்போது தானும் சிரித்துக் கணக்கைச் சரிசெய்துகொண்டாள். இத்தகைய வழக்குகளில் பெற்றோர் தலையிடாதிருப்பதே நலம்.

இன்னொன்று. எங்கள் வீட்டிற்கு எதிரே என் தந்தையாருடைய தம்பியின் வீடு. ஒரு தென்னந்தோப்பின் பாகப்பிரிவினை காரணமாக இரு வீட்டிற்கும் பல ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. என் தந்தை இறந்தபோது சித்தப்பா வந்து நின்றார், பேசாமல் திரும்பினார். இதை மகளிடம் எவரும் சொல்லவில்லை. மாடியிலிருந்து அவரைக் காட்டியபோது, என் தாயார் சற்றுத் தயங்கி, "உனக்குச் சின்னத் தாத்தா வேணும்" என்று மட்டும் சொன்னாராம். ஒரு பிற்பகல் அவள் தெருவைக் கடந்து அந்த வீட்டிற்குள் போய், "சின்னத் தாத்தா, உங்கள் வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறதாமே?" என்று கேட்டிருக்கிறாள். அந்திக்குத் திரும்பும்போது கையில் ஒரு தூக்குவாளி, அதில் முறுக்கு. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பியனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. என் தாயார் இரவு முழுவதும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அதில் மாவடு நிரப்பிப் பேத்தியிடம் கொடுத்தார். அந்த வாளி அம்மாதத்தில் ஆறேழு முறை தெருவைக் கடந்தது. வழக்கு தீரவில்லை, தோப்பு இன்றும் நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. வாளி இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

பெரியவர்கள் பேசாத வீடுகள் பல குடும்பங்களில் உண்டு. அவ்வீடுகளுக்குக் குழந்தை போவதைத் தடுக்காதிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சண்டை நம்முடையது, உறவு குழந்தைக்கும் உரியது.

இனி நடைமுறை. நாளுக்கு ஒரு வீடாக உறவினரைச் சுற்றிவருவதால் குழந்தைக்குக் காப்பித் தம்ளர்கள் மட்டுமே நினைவில் நிற்கும். ஒரே வீட்டில் குறைந்தது பத்து நாட்களாவது தங்கவேண்டும். உறவினர் முன்னிலையில் பாட்டுப் பாடு, திருக்குறள் சொல் என்று வருத்த வேண்டாம். அப்பத்தா, அம்மாயி, அப்பாயி, ஆச்சி, யாழ்ப்பாணத்தார் சொல்லும் அப்பம்மா, அம்மம்மா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். உங்கள் வீட்டு வழக்கு எதுவோ அதையே கற்பியுங்கள், புத்தகத் தமிழ் வேண்டாம். முறைப்பெயரைக் குழந்தை தவறாகச் சொன்னால் அழைக்கப்பட்டவரே திருத்துவார். நீங்கள் முந்த வேண்டாம்.

நாட்கணக்கையும் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கின்றன. தமிழ்நாட்டில் பொதுவாக ஜூன் தொடக்கத்திலேயே. நம் பிள்ளைகள் ஜூனில் போய் இறங்கினால் அங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். ஆகவே மே முதல் வாரத்திலேயே புறப்பட வேண்டும். கத்திரி வெயில் அப்போதுதான் என்பது உண்மை. ஆற்றில் குளிப்பவர்களுக்கு அது பெரிதல்ல. முன்பதிவு 120 நாட்களுக்கு முன்னரே செய்யலாம் என்றிருந்த விதி 2024 நவம்பர் முதல் 60 நாட்கள் என்று குறைந்துவிட்டது. மே 2ஆம் நாள் ஏற விரும்புவோர் மார்ச் 3ஆம் நாள் காலை எட்டு மணிக்கு ஆயத்தமாக இருப்பது நல்லது. திரும்பும் சீட்டைச் சற்றுத் தள்ளியே எடுங்கள்.