மருந்துரிமையும் மக்கள் கடமையும்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்வோர் மருந்தை இடைவிடாது உட்கொள்ளுதல் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அரசியல் மேடையில் மருத்துவம் எதற்கென வினவுவோர் உளர். மருந்து கிடைப்பதும், கிடைத்ததை மானத்தோடு உண்ண முடிவதும் உரிமைப் பிரச்சினைகளே என்பது எனது விடை.

1996 ஆம் ஆண்டளவில் பல மருந்துகளைச் சேர்த்து உண்ணும் சிகிச்சை வந்தது. ஆண்டுச் செலவு ஒருவருக்குப் பத்தாயிரம் டொலரையும் தாண்டிற்று. 2001 இல் பம்பாயைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் அம்மருந்துகளை நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. விலையென்னும் சாட்டு வீழ்ந்தது. உடனே வேறொரு சாட்டு எழுந்தது. ஆபிரிக்கர் பலருக்குக் கடிகார நேரம் தெரியாது, வேளை தவறாது மருந்து உண்ண அவர்களால் இயலாது என்ற கருத்துப்பட, அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் அன்றைய தலைவர் அன்ட்ரூ நற்சியோஸ் அதே ஆண்டிற் பேசினார்.

ஏழைக்கு உரிமையை மறுப்போர் முதலில் அவனது அறிவை மறுப்பர். இது நாம் அறியாத நியாயமன்று. ஆனால் உண்மை என்ன? 2006 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்தை ஒழுங்காக உண்டோர் ஆபிரிக்காவில் நூற்றுக்கு 77 பேர். வட அமெரிக்காவில் 55 பேர்.

அவ்வொழுங்கு ஏன் அவசியம்? கோரையை மேலே அறுத்தாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் என்பது கமக்காரர் அறிந்ததே. இக்கிருமியும் உடலின் உயிரணுக்களுக்குள் ஒளிந்திருக்கும். மருந்தை நிறுத்தினாற் சில வாரங்களிலேயே பெரும்பாலும் மீண்டும் பெருகும். விட்டுவிட்டு உண்டால் மருந்துக்கு மசியாத கிருமி தோன்றும். இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு குளிசை போதும். அதனை ஒழுங்காக உண்டு, இரத்தத்திற் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிற்பவரிடமிருந்து உடலுறவினாலும் அது பிறருக்குத் தொற்றாது.

அப்படியாயின் மருந்தைக் கைவிடுவோர் ஏன் கைவிடுகின்றனர்? தூரம், கூலியிழப்பு, பசி, எல்லாவற்றிலும் மேலாக அயலாரின் கண். கேப்ரவுன் நகரை அடுத்த கயெலிட்சாவில் 2007 முதல் இதற்கொரு வழி கண்டனர். உடல் தேறி நிலைபெற்றோர் முப்பது பேர் வரை ஒரு குழுவாக இரண்டு மாதத்துக்கொருமுறை கூடினர். முன்னரே பொதிசெய்த மருந்தைப் பெற்று, ஒருவருக்கொருவர் துணையாகி வீடு திரும்பினர். நெடுவரிசையும் தனிமையும் நீங்கின.

நமது நாட்டில் இம்மருந்து அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. கிடைத்தும் என்ன? குடும்பத்தில் இந்நோய் உண்டென்ற வதந்தியாற் சிறுவனொருவனுக்குப் பாடசாலைக் கதவு அடைக்கப்பட்டது. அவ்வழக்கில் 2016 ஏப்ரலில் நமது உயர் நீதிமன்றம், இந்நோயாற் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வியுரிமையை ஏற்றுக்கொண்டது. வெறும் வதந்திக்கே அத்தனை வலிமை உண்டெனில், மருந்துப் போத்தலைப் பிறர் காணும் இடத்தில் எவர் வைப்பார்? நீதிமன்றம் கதவைத் திறக்கலாம். அயலாரின் வாயை அது மூட இயலாது. அது நம் கையிலுள்ளது.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இதுவே. சிகிச்சை நிலையம் செல்ல ஒருநாள் விடுமுறை கேட்பவரிடம் நோயின் பெயரைக் கேளாதீர்கள். அறுவடைக் காலமாயினும் அந்த நாளைக் கொடுங்கள், கூலியை வெட்டாதீர்கள். வைத்தியரும் வழக்கறிஞரும் எழுதுவினைஞரும் தம்மிடம் வந்த இரகசியத்தைத் தம்மோடு வைத்திருக்கட்டும். இக்கூட்டத்தில் மருந்து உண்போர் எவரேனும் இருப்பின் அவருக்கும் ஒரு சொல்: குளிசை தொல்லை தந்தால் வைத்தியரிடம் கூறுங்கள், மாற்று மருந்து உண்டு, தாமாக நிறுத்தாதீர்கள்.

நோயாளி நாள்தோறும் தன் கடமையைச் செய்கிறான். அவனைச் செய்யவிடுவது நமது கடமை.