கீழே போடுங்க சாமானை!



எனக்கு முன்னாலே பேசின எதிரணிச் சகோதரி, "பெட்டியைக் கையோட வச்சுக்கிட்டா இறங்கின உடனே வீட்டுக்குப் போயிடலாம். அந்தச் சுத்துற பெல்ட் பக்கத்துல தவம் கிடக்க வேண்டாம்" அப்படின்னாங்க. நியாயம்தாம்மா! நீங்க ஒருத்தர் நினைச்சா நியாயம். விமானத்திலே இருக்கிற 180 பேரும் நினைச்சா? (சிரிப்பு)

உள்நாட்டு விமானத்திலே சாதாரண டிக்கெட்டுக்குக் கையிலே 7 கிலோ. கீழே போடுறதுக்குப் பெரும்பாலும் 15 கிலோ. அதுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கோம். ஆனா நம்ம ஆளு என்ன செய்யறார்? தோள்ல ஒரு பை, கையில ஒரு பெட்டி, கக்கத்துல அல்வாப் பொட்டலம்! தலைக்கு மேலே இருக்கிற தட்டிலே பெட்டியைக் குறுக்கே வச்சுப் பார்க்கிறார், நெடுக்கே வச்சுப் பார்க்கிறார். பின்னாலே 40 பேர் வழியிலே நிக்கிறாங்க. ஐயா, இது திருநெல்வேலி பஸ்ஸா, கூரை மேலே ஏத்திக் கட்டுறதுக்கு? (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, இது வெறும் இடநெருக்கடின்னா நான் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 2016 ஆகஸ்ட் 3. நமக்குப் பக்கத்திலே இருக்கிற திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு ஓர் எமிரேட்ஸ் விமானம். 300 பேர். ஓடுபாதையிலே வயிறு தேய்ந்து நின்று, தீப்பிடித்துவிட்டது. உள்ளே எடுத்த படத்தை உலகமே பார்த்தது. பணிப்பெண்கள், "பையை விடுங்க, விடுங்க"ன்னு கத்துறாங்க. நம்ம சனங்க மேல் தட்டைத் திறந்து லேப்டாப் தேடுறாங்க! உள்ளே இருந்த 300 பேரும் பிழைத்தார்கள். அணைக்க வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் வெடிப்பிலே இறந்துபோனார்.

விமானம் கட்டுறவங்களுக்கு ஒரு விதி உண்டு. பாதி வாசலை மூடிட்டாலும், 90 விநாடியிலே அத்தனை பேரும் வெளியே வர முடியும்னு நிரூபிக்கணும். அந்தக் கணக்கிலே பெட்டி இறக்குறதுக்கு ஒரு விநாடிகூட ஒதுக்கலை.

இன்னொண்ணு பாருங்க. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா விமான நிலையம். கடலோரக் காவல் படை விமானம் ஒன்றோடு மோதி, ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எரிகிறது. காவல் படை விமானத்திலே 5 பேர் இறந்துட்டாங்க. இந்தப் பெரிய விமானத்திலே 379 பேர். 8 வாசல்லே 3 தான் உதவிச்சு. சாமானை அப்படியே விட்டுட்டுச் சறுக்கினாங்க. 379 பேரும் தப்பிச்சாங்க! விமானம்தான் சாம்பலாச்சு. (கைத்தட்டல்)

"அப்ப நகை, மாத்திரை, பாஸ்போர்ட்?"னு சகோதரி கேட்பாங்க. கையிலேயே வச்சுக்குங்க தாயே! செல்போனுக்குச் சார்ஜ் ஏத்துற பவர் பேங்க் இருக்கே, அதைக் கீழே போடவே கூடாது, கையிலேதான் இருக்கணும். இத்தனையும் ஒரு சின்னப் பையிலே அடங்கும். முன் சீட்டுக்கு அடியிலே வச்சுக்கலாம். மேல் தட்டு வரைக்கும் போவானேன்? பெட்டி மேலே இருந்தா ஆபத்து நேரத்திலே மனசும் கையும் அங்கேதான் போகும். ஒருத்தர் கை மேலே போனா, பின்னாலே இருக்கிற குழந்தைக்காரி நிக்கணும்.

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடறேன் ஐயா. பெல்ட் பக்கத்துல 20 நிமிஷம் நின்னா கால் ஒண்ணும் தேஞ்சு போயிடாது. அத்தை கொடுத்த ஊறுகாய் பத்திரமா கீழேயே வரட்டும்! (சிரிப்பு) எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.