சூடேறிய எஞ்சின் ஏன் மறுக்கிறது?



கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை மேலுமலைக் கணவாயில் ஏறி, சூளகிரியைக் கடந்து மேட்டுநிலத்தை அடைகிறது. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை வெயிலில் இந்த ஏற்றத்தை ஏறி வந்த பழைய அம்பாசடர் கார் ஒன்றைச் சாலையோரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால், பிறகு அது கிளம்ப மறுப்பதைக் காணலாம். காலையில் ஒரே முயற்சியில் உயிர்பெற்ற எஞ்சின்தான் அது. சூடேறிய பின்பு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? இன்று இதனை ஆராய்வோம்.

பெட்ரோல் திரவமாக இருக்கையில் எஞ்சினுள் நன்கு எரியாது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று கலந்தால்தான் அது செவ்வனே எரியும். இந்தக் கலவையை ஆக்கித் தருவதே கார்புரேட்டரின் பணி. அதன் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதனுள் மிதவை ஒன்று மிதக்கிறது. பெட்ரோல் உரிய மட்டத்தை எட்டியதும் மிதவை உயர்ந்து, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும். மட்டம் தாழ்ந்தால் வழி திறக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள மிதவைக் குழாயும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

கார் ஓடும்பொழுது விசிறியும் சுற்றியோடும் நீரும் எஞ்சினின் வெப்பத்தை அகற்றிக்கொண்டே இருக்கின்றன. புதிய பெட்ரோலும் இடைவிடாது வந்து கார்புரேட்டரைக் குளிர்விக்கிறது. எஞ்சினை நிறுத்திய கணமே இவை யாவும் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்பில் தேங்கிய வெப்பம் நிற்பதில்லை. அது மேலே பரவுகிறது. அம்பாசடரின் எஞ்சினில் புகை வெளியேறும் குழாயும் கார்புரேட்டரும் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், கார்புரேட்டர் அடுப்பின்மேல் வைத்த பாத்திரம் போலாகிறது. ஆகவே, கார் நின்ற பிறகு சில நிமிடங்களுக்குக் கார்புரேட்டரின் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது.

இனி இரண்டில் ஒன்று நிகழலாம். கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து, துளைகளின் வழியே எஞ்சினுள் வழியலாம். இதனை மெக்கானிக்குகள் 'ஓவர்ஃப்ளோ' என்பார்கள். அல்லது பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கலாம். திரவத்தை இழுக்கப் பிறந்த பம்பு ஆவியை இழுக்க இயலாமல் தவிக்கும். முன்னதில் பெட்ரோல் மிகை, பின்னதில் பஞ்சம். ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இதில்தான் ஆபத்து இருக்கிறது. மிகைக்குரிய மருந்தைப் பஞ்சத்துக்குக் கொடுத்தாலும், பஞ்சத்துக்குரியதை மிகைக்குக் கொடுத்தாலும் நோய் முற்றும், பாட்டரியும் தீர்ந்துபோகும்.

எனவே கருவியை எடுக்குமுன் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துக என்பேன். பெட்ரோல் வாடை பலமாக வீசுகிறதா? கார்புரேட்டரின் வெளிப்புறம் நனைந்திருக்கிறதா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் முனை ஈரமா, உலர்ந்ததா? ஈரமெனில் உள்ளே சென்ற பெட்ரோல் எரியவில்லை. பெரும்பாலும் மிகை என்று கொள்ளலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. ஈரமாயிருந்தும் பெட்ரோல் மிகையில்லை என்று தோன்றினால் தீப்பொறியை ஐயுறவேண்டும். சூட்டில் மட்டும் பழுதாகும் காயிலும் கண்டென்சரும் உண்டு. ஆனால் சிந்திய பெட்ரோல் முற்றும் உலர்வதற்கு முன் தீப்பொறியைச் சோதிப்பது தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

மிகையாயின் சோக் குமிழை இழுக்கலாகாது. ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு, சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றவேண்டும். உட்புகும் மிகுந்த காற்று தேங்கிய பெட்ரோலை வெளியேற்றும். சோலெக்ஸ் போன்ற கார்புரேட்டர்களில் ஆக்ஸிலேட்டரை மீண்டும் மீண்டும் மிதித்தால், ஒவ்வொரு மிதியும் மேலும் பெட்ரோலைப் பீச்சும். பஞ்சமாயின் பானெட்டைத் திறந்து ஆறவிடுவதே முதல் வைத்தியம். பம்பின்மீதும் குழாயின்மீதும் ஈரத்துணி சுற்றுவது பழைய ஓட்டுநர்கள் கையாண்ட நல்ல வழி. கொதிக்கும் புகைக்குழாயின்மீது மட்டும் நீர் படலாகாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பும் வழக்கத்தை அறவே விலக்குக.

இவை அவசரச் சிகிச்சைகளே. நிலையான பரிகாரத்திற்கு ஒரு கேள்வி வழிகாட்டும்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் பெட்ரோல் வழிகிறதா? வழிகிறதென்றால் குற்றம் வெப்பத்தில் இல்லை. ஊசியின் இருப்பிடத்தில் தூசி படிந்திருக்கலாம், ஊசி தேய்ந்திருக்கலாம், பித்தளை மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளிருக்கும் திரவத்தின் ஒலி கேட்கும். சூட்டில் மட்டுமே வழிகிறதென்றால், கார்புரேட்டருக்கு அடியிலுள்ள வெப்பத்தடைத் தகடு, மிதவையின் மட்டம், ரேடியேட்டர், குழாய் செல்லும் தடம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

ஓசூரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கே. அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். காற்றின் செறிவும் குறைவதால், கலவையில் பெட்ரோலின் பங்கு ஓங்கும். அன்றியும் 2025-ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் பரவிய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அதற்கென ஆக்கப்படாத பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் சவ்வும் அதனால் கெடக்கூடும். ஆண்டுதோறும் அவற்றைச் சோதித்தல் நலம்.

1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும் கார்புரேட்டரை நம்பியே ஓடியது. 2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் நிலை விதிகள் வந்தபின், புதிய பெட்ரோல் வண்டிகளில் எரிபொருளைக் கணக்கிட்டுப் பீச்சும் முறையே பெரிதும் இடம்பெற்றிருக்கிறது. அப்படியாயின் பழைய கருவியைப் பற்றி ஏன் கற்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நாளை இந்தப் பகுதியின் தொழிற்சாலைகளில் நீங்கள் எந்த இயந்திரத்தின் முன் நின்றாலும், நேர் எதிரான இரண்டு குற்றங்கள் ஒரே முகத்தோடு உங்கள்முன் வந்து நிற்கும். எது மிகை, எது பஞ்சம் என்று பிரித்தறிந்த பிறகே கை வைப்பவனுக்கு இயந்திரம் பணியும். பிரித்தறியாமல் பாகத்தை மாற்றிக்கொண்டே போகிறவனுக்குச் செலவுதான் மிஞ்சும்.