நோயாளியின் சொல்லும் மின்னணுக் கருவியும்

(மருத்துவ ஆய்வுப் பயிற்சி பெறும் மாணவர்களிடையேயும் அலுவலர்களிடையேயும் ஆற்றிய உரை)



புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கும்போது இரத்த அழுத்தத்தைக் கருவி கொண்டு அளந்துவிடலாம். சர்க்கரையின் அளவைச் சோதனைக்கூடம் கூறிவிடும். ஆனால் வலி எவ்வளவு, களைப்பு எவ்வளவு, இரவில் உறக்கம் வந்ததா என்பவற்றை நோயாளி ஒருவரே சொல்ல இயலும். மருத்துவர் ஊகித்து எழுதுவது அதற்கு ஈடாகாது. நோயாளி தாமே கூறும் இவ்விவரங்களை எக்கருவி கொண்டு திரட்டுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

காகிதம் போதாதா?

காகிதக் குறிப்பேடு மலிவானது, யாவருக்கும் பழகியது. பின் மின்னணுக் கருவி எதற்கு? அமெரிக்காவில் ஆர்தர் ஸ்டோனும் அவர் குழுவினரும் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. நாட்பட்ட வலியுள்ள 80 பேரில் ஒரு பாதியினருக்குக் காகித ஏடும், மறு பாதியினருக்கு மின்னணு ஏடும் அளிக்கப்பட்டன. நாள்தோறும் மூன்று வேளை வலியின் அளவைக் குறிக்க வேண்டும். காகித ஏட்டில், அது திறக்கப்படுவதை ஒளியால் உணரும் சிறு கருவி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏட்டில் கண்டபடி 90 விழுக்காடு குறிப்புகள் உரிய வேளையில் எழுதப்பட்டவை. உண்மையில் அவ்வாறு எழுதப்பட்டவை 11 விழுக்காடே. ஏடு திறக்கப்படாத நாட்களுக்கும் குறிப்புகள் இருந்தன! மின்னணு ஏட்டிலோ உரிய வேளைப் பதிவு 94 விழுக்காடாக இருந்தது.

இதனால் நோயாளிகளைப் பொய்யர் எனக் கருதலாகாது. வலியோடு வாழ்பவர் மறப்பதும், மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் விட்டுப்போனவற்றை நிரப்புவதும் இயல்பே. குறை கருவியினுடையது.

யாருடைய கருவி?

ஆயினும் எல்லா ஆய்வுக்கும் ஒரே கருவி பொருந்தாது. மாதம் ஒருமுறை மருத்துவமனையிலேயே கேட்கப்படும் கேள்விகளுக்கு அங்கு வைத்த டேப்லட் கணினி போதும், காகிதங்கூடப் போதும். அன்றாடம் வீட்டிலிருந்து பதில் பெற வேண்டுமாயின், நோயாளியின் சொந்தத் தொலைபேசியா, ஆய்வினர் அளிக்கும் கருவியா என்ற வினா எழுகிறது.

சொந்தத் தொலைபேசி செலவைக் குறைக்கும். ஆனால் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் தாமே பயன்படுத்தும் கைத்தொலைபேசி உடையோர் ஏறத்தாழ 54 விழுக்காடே. கிராமப்புறத்தில் 47 விழுக்காடு. தொலைபேசி உள்ளோரை மட்டும் ஆய்வில் சேர்த்தால், முடிவும் அவர்களை மட்டுமே பற்றியதாகும். வீட்டில் பலர் கையாளும் தொலைபேசியில் ஒரு பெண் தன் நோய் பற்றி மனம் திறந்து எழுதுவாரா என்பதையும் எண்ண வேண்டும். இத்தகையோருக்குத் தனிக் கருவி அளிக்கலாம். எழுத்தறியாதாருக்கு அவர்கள் மொழியில் கேள்வியைக் குரலில் ஒலிக்கச் செய்து, எண்ணை அழுத்திப் பதில் பெறலாம். இதற்குச் சாதாரணத் தொலைபேசியே போதும்.

திரையும் பதிவும்

காகித வினாப்பட்டியலைத் திரைக்கு மாற்றுவது வெறும் தட்டெழுத்துப் பணியன்று. வலியைக் குறிக்கக் காகிதத்தில் வரைந்த 100 மில்லிமீட்டர் கோடு கைத்தொலைபேசித் திரையில் சுருங்கிவிடும். காகிதத்தில் ஒருங்கே தெரியும் கேள்விகள் திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றும். பொருள் மாறவில்லை என்பதை நோயாளிகளிடமே சோதித்தறிய வேண்டும். மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும்.

இணையத் தொடர்பு அற்ற இடத்திலும் கருவி பதிலையும் நேரத்தையும் சேமித்து, பின்னர் அனுப்ப வல்லதாக இருத்தல் வேண்டும். திருத்தம் செய்தால் முந்தைய பதில் அழியாமல், திருத்தியவர் யார், எப்போது என்பது பதிவாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், நோயாளி அறிந்து அளிக்கும் ஒப்புதலை வலியுறுத்துகின்றன. ஆகவே அவர் தரும் தகவல் எங்கே செல்கிறது, யார் காண்பர் என்பதையும் ஒப்புதல் பெறும்போதே விளக்கிவிட வேண்டும்.

கேட்பவர் யார்?

இறுதியாக ஒன்று. இரவில் ஒரு நோயாளி ‘வலி தாங்க முடியவில்லை’ என்று பதிவு செய்கிறார். அதை எவரேனும் படிக்கிறார்களா? நியூயார்க்கில் ஈதன் பாஷ் குழுவினர் பரவிய புற்றுநோயுள்ள 766 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. கடுமையான அறிகுறி பதிவானதும் செவிலியருக்குச் செய்தி சென்ற பிரிவில் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பு பெற்ற பிரிவில் 26 மாதம். சொல் உரியவரைச் சென்றடைந்ததன் பயன் இது. மருந்துச் சோதனைகளிலோ பதிவுகள் பல வாரங்கள் கழித்தே பார்க்கப்படுவதும் உண்டு. அவ்வாறாயின் அதனை நோயாளியிடம் முன்னரே தெளிவாகக் கூறி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் தரவேண்டும்.

ஆதலின் விலைப்பட்டியலைப் பார்க்குமுன், ஆய்வில் சேரவிருப்போரில் முதியவர், எழுத்தறியாதவர், பார்வை மங்கியவர் சிலரிடம் கருவியைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் எளிதில் கையாளும் கருவியை ஏனையோரும் கையாள்வர். அவர்களால் இயலாத கருவி எவ்வளவு நவீனமானதாயினும், அது திரட்டுவது அரைகுறைச் செய்தியே.