மாற்றுத் திறனாளிகளும் வீட்டு உரிமையும்



சற்று முன் இந்த மண்டபத்து வாசலில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். சக்கர நாற்காலியில் வந்த தோழர் ஒருவரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஐந்து படிகள் ஏறினார்கள். "உங்களுக்குப் புண்ணியம்" என்று ஒருவர் அவர்களைப் பாராட்டினார். தூக்கப்பட்டவரின் முகத்தை எத்தனை பேர் கவனித்தீர்கள்? மூட்டையைப் போல் தூக்கிவரப்படும் மனிதனுக்குச் சுயமரியாதை எங்கே இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

அவர் கால் நடக்காதது முன்ஜன்மக் கர்மபலன் என்பார்கள். அப்படியானால் இந்தப் படிகளைக் கட்டியது யார்? கர்மமா கட்டிற்று? இஞ்சினீயர் படம் போட்டார், அதிகாரி அனுமதி கொடுத்தார், கொத்தனார் கட்டினார். மனிதன் கட்டியதை மனிதன் மாற்றலாம். கர்மத்தின் தலையில் பழியைப் போட்டால் இவர்கள் தப்பித்துக்கொள்ளலாம் என்பதைத் தவிர, அந்த வியாக்கியானத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இன்னும் சிலர், "விடுதி கட்டி வைத்துச் சோறு போடுகின்றோமே, போதாதா?" என்கின்றார்கள். சோறு போடுவது நல்ல காரியந்தான். ஆனால் எப்பொழுது எழுவது, எதைத் தின்பது, யாரோடு பேசுவது என்பதையெல்லாம் வேறொருவர் தீர்மானிக்கும் இடம் வீடாகுமா?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்துப் பெண்கள் இருவர் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர்கள் லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்பவர்கள். அறிவு வளர்ச்சிக் குறைவும் மனநோயும் உடையவர்கள். தக்க உதவி கிடைத்தால் இவர்கள் வெளியில் மற்றவர்களைப் போல் வாழலாம் என்று வைத்தியர்களே சொன்ன பிறகும், சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். 1995-ல் ஏழைகளுக்காக வாதாடும் வக்கீலான சூசன் ஜேமிசன் கர்ட்டிசுக்காக வழக்குத் தொடுத்தார். பிறகு வில்சனும் சேர்ந்துகொண்டார். பணம் போதாததே காரணம், பாரபட்சமல்ல என்று மாகாண சர்க்கார் வாதாடிற்று.

1999 ஜூன் 22-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. தக்க காரணமின்றி ஒருவரை இப்படி ஒதுக்கி அடைத்து வைப்பது 1990-ம் வருஷச் சட்டப்படி பாரபட்சமேயாகும் என்பது அதன் சாரம். வைத்தியர் தகுந்ததென்று கருதி, சம்பந்தப்பட்டவரும் மறுக்காமல், சர்க்காரின் சக்திக்கும் நியாயமாக உட்பட்டிருந்தால் வெளியில் வாழ வழி செய்தாக வேண்டும். அடைத்து வைப்பதே "இவர்கள் சமூகத்தில் வாழ லாயக்கற்றவர்கள்" என்ற தப்பெண்ணத்தை வளர்க்கின்றது என்று தீர்ப்பை எழுதிய ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார் எடுத்துக்காட்டினார். லாயக்கில்லை என்று அடைக்கப்பட்ட அந்த லோயிஸ் கர்ட்டிஸ் வெளியில் வாழ்ந்து சித்திரக்காரர் ஆனார். 2011-ல் வெள்ளை மாளிகைக்குச் சென்று ஜனாதிபதி ஒபாமாவுக்குத் தம் சித்திரத்தைக் கொடுத்தார். 2022-ல் காலமானார். விடுதலை கொடுத்த பிறகல்லவா திறமை வெளிப்பட்டது!

நிற்க, நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், தாராளமாய் இருக்கின்றது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, சமூகத்தில் மற்றவர்களோடு வாழும் உரிமையைக் கொடுக்கின்றது. 37-வது பிரிவு வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 100-க்கு 5 பங்கு கொடுக்கச் சொல்லுகின்றது. 44-வது பிரிவு, விதிப்படி இல்லாத வரைபடத்துக்குக் கட்டிட அனுமதியே கூடாது என்கின்றது. பழைய பொதுக் கட்டிடங்களை விதிகள் வந்த 5 வருஷத்துக்குள் திருத்த வேண்டும் என்றும் இருக்கின்றது. விதிகள் 2017-ல் வந்தன. கெடு 2022-ல் தீர்ந்தது. படிகள் தீர்ந்தனவா? மனிதனுக்குப் பெயரை மாற்றினோம், வாசலை மாற்றினோமா?

ராஜீவ் ரதூரி என்னும் பார்வையற்ற தோழர் 2005-லேயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2024 நவம்பர் 8-ந் தேதித் தீர்ப்பில், கட்டாயம் என்று சட்டம் சொல்லியிருக்க, சர்க்கார் விதியோ வெறும் சிபார்சாக இருக்கின்றது, இது செல்லாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் செய்ய வேண்டும் என்று கோர்ட் சொல்லிற்று. சிபார்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள பேதத்தைச் சொல்லவைக்க 19 வருஷம்!

ஆகவே தோழர்களே, சட்டம் தானாக நடக்காது, கேட்டால்தான் நடக்கும். கேட்பதற்கு வக்கீல் பீஸ் இல்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. 1987-ம் வருஷச் சட்டப்படி மாற்றுத் திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாகாணக் கமிஷனரிடம் புகார் கொடுக்கலாம். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

ஊரைக் குறை சொல்லுமுன் நாம் வெட்கப்பட வேண்டியதும் உண்டு. இந்த மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம்தானே? அடுத்த கூட்டம் சரிவுப் பாதை உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று இப்பொழுதே தீர்மானம் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். அந்தத் தீர்மானத்தை, தூக்கிவரப்பட்ட தோழரே பிரேரேபிக்கட்டும்.