ஒற்றைக்காலில் பின்னோக்கி

தெமோதரையை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் புகைவண்டி, மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து செல்வதை அறிவீர்கள். 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய அப்பாதை சரிவை வளைவால் வென்றது. ஒற்றைக்காலில் பின்னோக்கிச் சில்லுச் சறுக்கல் பயில விழையும் இளைஞருக்கும் வளைவே துணை.

ஒரே வரிசையில் சில்லுகள் பூட்டிய சப்பாத்து. 80 சென்ரிமீற்றர் இடைவெளியில் நாட்டிய கூம்புகள். அவற்றினூடே ஒரு காலை உயர்த்தியபடி முதுகுப்புறமாக நெளிந்து செல்ல வேண்டும். தரையை உந்த மறுகால் இல்லை. அவ்வாறாயின் வேகம் எங்கிருந்து வரும்? முழங்கால் மடிந்து நிமிர்வதிலிருந்தும், பாதம் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குச் சாய்வதிலிருந்துமே வரும். வெளிவிளிம்பில்தான் பலர் அஞ்சுகின்றனர். தூக்கிய கால் தன்னையறியாது தரையைத் தொட்டுவிடும். ஆகவே முதலில் இரு கால்களாலும் பின்னோக்கி நெளியப் பழகுக. பின்னர் கூம்பின்றி, ஒரு காலில் ஒரே ஒரு வளைவு. அது கைவந்த பின்னரே இரண்டாவது. பார்வை தோளுக்கு மேலாகப் பின்னே செல்லட்டும்.

நம் தோட்டங்களில் இடர் வேறொன்றும் உண்டு. லயத்து வாசலிலிருந்து இறங்கும் பாதை பெரும்பாலும் சரிவு. அதில் பின்னோக்கிச் செல்பவர் வேகத்தை அடக்குவது அரிது. கொழுந்து லொறியும் அவ்வழியே வரும். பாடசாலையின் சீமெந்துத் தளமே தக்க இடம். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இன்றித் தொடங்க வேண்டா; மணிக்கட்டு முறிந்தால் பிள்ளையின் எழுத்தும் நின்றுபோம். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் ஈரத்தரையில் சில்லு பிடிமானம் இழக்கும். அந்நாள்களில் சப்பாத்தைக் கழற்றி வைத்து, லயத்துத் திண்ணையில் முழங்கால் மடித்து ஒற்றைக்காலில் நிற்கப் பழகினாலும் போதும்.